அண்ணன் நிறுத்திய மாத்திரை

அண்ணன் வேலைக்குக் கொண்டுபோன சாப்பாட்டுக் கேரியர் ஒரு நாள் திறக்கப்படாமலே திரும்பி வந்தது. முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவர், அதைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுக் கைகூடக் கழுவாமல் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார். அண்ணி திறந்து பார்த்தார். காலையில் கட்டிக் கொடுத்த புளிச்சோறு அப்படியே இருந்தது. அதன் மேல் வைத்த அப்பளம் நமத்துப் போயிருந்தது. வேலை அதிகமாக இருந்திருக்கும் என்று பேசிக்கொண்டோம். மறுநாளும் அப்படியே வந்தது. அந்த வாரம் முழுக்க அப்படித்தான் வந்தது. வாரக் கடைசியில் அண்ணி கேரியரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என்னிடம் வந்து, “உங்க அண்ணன் எதையோ மறைக்கிறாரு. நீ கேட்டுப் பாரேன்” என்றார். நான் கேட்டேன். மறைக்க ஒன்றும் இல்லை, வாயில் வைத்தால் மண் மாதிரி இருக்கிறது என்றார்.

அப்போது அவருக்கு முப்பத்து நாலு வயது. நிலக்கரிச் சுரங்கத்தில், கரியைச் சுமந்து ஓடுகிற கன்வேயர் பெல்ட்டுக்கு ஆபரேட்டர். பல வருஷம் காண்ட்ராக்டில் உழைத்துப் பர்மனென்ட் ஆன பிறகுதான் எங்களுக்கு நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அப்பா அதைப் பார்க்க இல்லை. அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய மூன்று வயது மகள், டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருந்த தங்கை நான் என்று ஐந்து பேர். ஷிப்ட் இல்லாத சாயங்காலங்களில் அண்ணன் எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கின் மைதானத்தில் வாலிபால் ஆடுவார். ஓங்கி அடிக்கிற ஆள் இல்லை அவர். அடிக்கிறவனுக்குப் பந்தை வாகாகத் தூக்கிக் கொடுக்கிற ஆள். வீட்டிலும் அவர் அப்படித்தான் இருந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் போயிற்று. விடிய வெகு நேரம் இருக்கும்போதே விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடப்பார். மைதானத்துப் பக்கம் போவதை விட்டுவிட்டார். மகள் மடியில் வந்து ஏறினால் தலையைத் தடவுவார், ஆனால் அவள் சொல்வது எதுவும் காதில் விழாது. சட்டை தோளில் தொங்கியது. வயிற்றைப் பிசைகிறது என்றதால் கம்பெனி ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்தார்கள். எதிலும் ஒன்றும் இல்லை. வயிற்றுச் சூலை நோய் தீர்த்த சாமி என்று அம்மா அவரைத் திருவதிகைக்கு அழைத்துப் போய் விபூதி பூசிக் கூட்டிவந்தார். அதன் பிறகும் அப்படியேதான் இருந்தது. கடைசியில் வயிற்றைப் பார்த்த டாக்டரே, வயிற்றில் கோளாறு இல்லை, மனநல மருத்துவரைப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை அண்ணன் ஒரு மாதம் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

மனநல டாக்டரம்மாவின் அறை ஒரு நீண்ட வராந்தாவின் கடைசியில் இருந்தது. பல் பிடுங்க வந்தவர், சுகருக்கு மாத்திரை வாங்க வந்தவர், எல்லா பிளாக்கிலிருந்தும் வந்தவர்கள் உட்கார்ந்திருக்கிற வராந்தா. தெரிந்த முகம் ஒன்று தட்டுப்பட்டதும் அண்ணன் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படிப்பவர் போலத் திரும்பி நின்றுகொண்டார். அவருக்குப் படிக்க அதில் என்ன இருந்தது? அண்ணியும் நானும் அவருக்கு இரண்டு பக்கமும் மறைத்தாற்போல நின்றோம்.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. எப்போதிலிருந்து, எப்படி, காலையில் அதிகமா மாலையில் அதிகமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு நேராக, செத்துப் போய்விட்டால் தேவலை என்று தோன்றுகிறதா என்று கேட்டார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் தரையைப் பார்த்தபடி, “தோணுதுங்க. செஞ்சிக்கணும்னு இல்லைங்க. காலையில முழிப்பு வராம இருந்துட்டா நல்லாருக்கும்னு தோணும்” என்றார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அதை அன்றுதான் நாங்கள் முதல் முறையாகக் கேட்டோம். அந்த எண்ணம் கொஞ்சம் மாறி, செய்துகொள்ளலாம் என்று வந்தால் அந்த நிமிஷமே மனைவியிடம் சொல்ல வேண்டும், இங்கே வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா வாக்கு வாங்கிக்கொண்டார். இதற்குப் பெயர் மனச்சோர்வு, லேசானதும் இல்லை, முற்றியதும் இல்லை, நடுத்தரம், குணமாகிற நோய் என்றார்.

மாத்திரையைப் பற்றி அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் வரிசை மாறாமல் நினைவில் இருக்கிறது. தினம் ஒன்று, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. முதல் பத்து நாள் குமட்டும், வாய் உலரும், அதற்குப் பயந்து விட்டுவிடக் கூடாது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு பலனும் தெரியாது. முதலில் தூக்கம் வரும், பிறகு பசி வரும், மனசு கடைசியாகத்தான் தெளியும். இது தூக்க மாத்திரையும் இல்லை, போதையாகப் பழகிவிடுகிற மாத்திரையும் இல்லை. முழுக்க நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது சாப்பிட வேண்டும். அதற்கப்புறம் தானே பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவேன் என்றார். பதினைந்து நாளுக்கு ஒரு முறை வந்து பேசிவிட்டுப் போக வேண்டும், மாலையில் நடக்க வேண்டும். சொல்லி முடித்துவிட்டு, புரிந்ததை எங்களையே திருப்பிச் சொல்லச் சொன்னார். அண்ணி குமட்டலைப் பற்றிச் சொன்னார். அண்ணன் நேரத்தைச் சொன்னார். நான், “நல்லாயிட்டாலும் நிறுத்தக் கூடாது. உங்களைக் கேக்காம நிறுத்தக் கூடாது” என்றேன். டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, அதுதான் முக்கியம், அதை நீ ஞாபகம் வைத்துக்கொள் என்றார்.

டாக்டரம்மா சொன்னபடியே நடந்தது. குமட்டியது, தலை கனத்தது, இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. அம்மா, மாத்திரை சாப்பிட்டுத்தான் பிள்ளை இப்படி ஆகிறான் என்று முனகிக்கொண்டிருந்தார். அண்ணி காது கொடுக்காமல் தினமும் எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது வாரம் தூக்கம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் இரண்டாவது தடவை ரசம் கேட்டார். அண்ணி கரண்டியோடு திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். பிறகு மகளுக்கு மைனா, புறா என்று கையால் நிழல் காட்டினார். நாலாம் மாதம் மைதானத்துக்குப் போய் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தார். அந்தச் சிராய்ப்பைக் கூட நாங்கள் ஆசையாகப் பார்த்தோம்.

ஐந்தாம் மாதம் எனக்கு விருத்தாசலத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பள்ளிக்கூட ஆசிரியர். அவர்கள் பெண் பார்க்க வருகிற அன்று, ஃப்ரிட்ஜ் மேல் இருந்த மாத்திரைக் கவரை எடுத்து அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினார் அம்மா. அவர்களுக்கு என்னைப் பிடித்திருந்தது. எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. மூன்று மாதத்தில் கல்யாணம் என்று பேசினார்கள். மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் எங்களுக்கு அடுத்த பிளாக்கில் இருந்தார். அவர் சுகருக்காக அடிக்கடி அதே ஆஸ்பத்திரிக்கு வருகிறவர். மறுநாள் அம்மா அண்ணனிடம், கல்யாணம் முடிகிறவரை அந்த வராந்தாப் பக்கம் போகாதே, மாத்திரையும் வேண்டாம், பைத்தியக்கார வைத்தியம் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் போதும், பெண்ணுக்கு வாழ்வு போய்விடும் என்றார். அண்ணன், டாக்டரம்மாவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். கேட்கப் போவதும் அங்கேதானே போவது என்றார் அம்மா. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. எழுந்து போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நான் பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்து கொய்யா மரத்தைப் பிடித்தபடி நின்றார்.

“அம்மா சொல்றத வுடு. நீ என்னா சொல்ற பாப்பா?”

டாக்டரம்மா முன்னால் என் வாயாலேயே சொன்னது எனக்கு மறந்துபோய்விடவில்லை. அதை எழுத நினைக்கிற ஒவ்வொரு தடவையும், மறந்துவிட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. அந்த வரன் தவறிவிடக் கூடாது என்பது அதைவிடப் பெரிதாக இருந்தது.

“நல்லாத்தான இருக்க அண்ணா. கல்யாணம் முடிஞ்சதும் திரும்ப ஆரம்பிச்சிக்கலாமே” என்றேன்.

“சரி பாப்பா” என்றார். நான் ஒரு புடவையைப் பிழிந்து கொடியில் போடுவதற்குள் அவர் உள்ளே போய்விட்டார்.

முதல் வாரம் தலைக்குள் சுரீர் சுரீரென்று மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்கிறது என்றார். எரிந்து விழுந்தார். பிறகு அது அடங்கியது. பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை என்றார் அம்மா. நானும் அப்படியே நம்பிக்கொண்டேன். அண்ணி மட்டும் அம்மாவோடு சண்டை போட்டார். யார் சொல்லி நிறுத்தினீர்கள் என்று கேட்டதற்கு, அண்ணன் அவரிடம் என் பெயரைச் சொல்லவில்லை. அம்மாவுக்கு இஷ்டம் இல்லை, எனக்கும் நன்றாகத்தானே இருக்கிறது என்று முடித்துக்கொண்டார். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது கேரியரில் பாதிச் சோறு திரும்பி வந்தது. வேலை அலைச்சல் என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம்.

கல்யாணத்தன்று அண்ணன் பந்தியில் பரிமாறினார். மேடையிலிருந்து பார்த்தால் சாப்பாட்டுக் கூடம் தெரியும். சாம்பார் வாளியோடு இரண்டு வரிசைக்கு நடுவில் அவர் நின்றார். இந்தப் பக்கம் ஊற்றுவதா அந்தப் பக்கம் ஊற்றுவதா என்று தெரியாதவர் போல நின்றுகொண்டே இருந்தார். இலைகளில் சோற்றைப் போட்டுவிட்டு ஆட்கள் அவரைக் கூப்பிட்டார்கள். யாரோ வந்து கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டார். அதன் பிறகும் கை வாளியைப் பிடித்திருந்த மாதிரியே இருந்தது. போட்டோ எடுப்பவர் என்னை இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார். நான் திரும்பிச் சிரித்தேன். அந்தப் படம் ஆல்பத்தில் இருக்கிறது.

கல்யாணமாகி மூன்றாவது வாரம் அண்ணியிடமிருந்து போன் வந்தது. காலையில் முதல் ஷிப்டுக்குக் கிளம்பியவர் கம்பெனி பஸ்ஸில் ஏறவே இல்லை. மதியம் வரை எங்கும் காணவில்லை. அவரோடு வேலை செய்கிற ஒருவர் வடலூரில் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். வீட்டில் அண்ணனுக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு நான் விருத்தாசலத்திலிருந்து பஸ் ஏறினேன். வடலூரில், எந்நேரமும் சோறு போடுகிற தருமசாலையில், சுவரோரம் அவர் உட்கார்ந்திருந்தார். யூனிஃபார்ம், மடியில் ஹெல்மெட், முன்னால் தொடாத இலை. காலையிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறார். யாரும் அவரை விரட்டவில்லை. ஆறிய சோற்றை எடுத்துவிட்டுப் புதுச் சோறு வைத்திருந்தார்கள். எனக்கு முன்பே அம்மாவும் அண்ணியும் வந்துவிட்டிருந்தார்கள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் அவர் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

“பசிக்கிதான்னு கேட்டாங்க பாப்பா. எனக்குத் தெரியல.”

அண்ணி அம்மா பக்கம் திரும்பினார். “அஞ்சு மாசம் பாத்துப் பாத்துக் குடுத்தேன் அத்தை. உங்க பேச்சக் கேட்டுத்தான நிறுத்தினாரு” என்றார். சத்தம் போடவில்லை. அம்மா அவருக்குப் பதில் சொல்லவில்லை. தலையைத் திருப்பி ஒரு தடவை என்னைப் பார்த்தார். துணி அலசுகிற இடத்துக்கு நேர் மேலேதான் சமையலறை ஜன்னல். அன்று சாயங்காலம் அம்மா உள்ளே அடுப்படியில் இருந்தார். அம்மாவுக்குத் தெரியும் என்று எனக்கு அப்போது விளங்கியது. என்னைப் பார்த்துவிட்டு அம்மா முந்தானையால் அண்ணன் நெற்றியைத் துடைக்கத் தொடங்கினார். நானும் வாய் திறக்கவில்லை.

டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டபோது அண்ணன், “நானாத்தாங்க நிறுத்தினேன்” என்றார். நன்றாக இருக்கிறது என்று நினைத்து நிறுத்துகிறவர்கள் நிறைய, மாத்திரை வேலை செய்வதால்தான் நன்றாக இருந்தது என்று அப்போது தெரியாது என்றார் டாக்டரம்மா. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார்கள். இந்த முறை இரண்டு வருஷமாவது சாப்பிட வேண்டும் என்றார். முதல் தடவை மூன்று வாரத்தில் வந்த பசி, இந்தத் தடவை மூன்று மாதமாகியும் சரியாக வரவில்லை. மாத்திரையைக் கூட்டிப் பார்த்து, பிறகு வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள். நீண்ட லீவு. தெளிந்து எழ ஏறத்தாழ ஒரு வருஷம் ஆயிற்று. ஓடுகிற பெல்ட் பக்கத்தில் நிற்க இனி தனக்குத் தைரியம் இல்லை என்று தானே கேட்டு ஸ்டோர் ரூம் வேலைக்கு மாறிக்கொண்டார். வாலிபால் திரும்பவும் ஆடவில்லை. சாப்பிட்டார், தூங்கினார், மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போனார், சிரிக்கவும் செய்தார். முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்த அந்த ஆள் மட்டும் திரும்பி வரவில்லை.

மாத்திரையைக் கண்டாலே ஆகாமல் இருந்த அம்மா, அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு கையில் மாத்திரையும் ஒரு கையில் தண்ணீருமாக அண்ணன் முன்னால் வந்து நிற்பார். அண்ணி அம்மாவோடு வேண்டிய அளவுக்குத்தான் பேசினார். சோறு போடுவார், துணி துவைப்பார், முகம் பார்க்க மாட்டார். என்னிடம் பிரியமாக இருந்தார். நான் போனால் எனக்குப் பிடிக்கும் என்று பலாக்கொட்டை போட்டுக் குழம்பு வைப்பார். அந்தக் குழம்பைத் தின்றுகொண்டு நான் சும்மா இருந்தேன்.

எனக்கு முதல் குழந்தை பிறந்த வருஷம், மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆனது. கண்ணில் கட்டு இருந்ததால் மாத்திரைகளை நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு நாள் கழித்து, தயங்கித் தயங்கி, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு மாத்திரை அட்டை இருக்கிறது, அதிலிருந்து ஒன்று கொடு என்றார். எடுத்ததும் தெரிந்துவிட்டது. அண்ணன் முதலில் சாப்பிட்ட அதே மாத்திரை. பல வருஷமாகச் சாப்பிடுகிறாராம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று காலை வேளைக்குப் போட மறந்துபோய், எங்கள் வீட்டுச் சமையலறையில் என் அம்மாவிடம் தண்ணீர் கேட்டு வாங்கித் திரும்பி நின்று போட்டுக்கொண்டாராம். “பொண்ணு வூட்ல தெரிஞ்சா என்ன நெனப்பாங்களோன்னு பயமா இருந்துச்சும்மா” என்றார். அம்மா அன்று அரிசி டிரம்மின் மேல் சாய்ந்து நின்றிருப்பார்.

அதை நான் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அண்ணா என்றேன். அவர் இல்லை என்று மறுத்து என்னைத் தேற்றவில்லை. “சொல்லியிருக்கக் கூடாதுதான் பாப்பா” என்றார். பிறகு, “உங்க மாமியார் நேரத்துக்குச் சாப்புடுறாங்களா? நல்லாருக்கேன்னு அவங்களா நிறுத்திடப் போறாங்க. பாத்துக்க” என்றார். ஸ்டோர் ரூமுக்கு வருகிற ஆட்களிடமும் அவர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்று பின்னால் தெரிந்தது. யாராவது தனியாக வந்து தூக்கம் இல்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை என்றால், ஆஸ்பத்திரிக்குத் தானே கூட்டிப்போவார். அந்த வராந்தாவில் அவர்களோடு உட்கார்ந்திருப்பார். மாத்திரை தொடங்கி ஒரு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று வந்து நிற்பவரிடம், பெல்ட்டை ஓட்டிவிட்டதும் அந்தக் கோடியில் கரி விழுந்துவிடுமா, ஓடி வர வேண்டாமா என்பாராம்.

அம்மா ஆறு வருஷத்துக்கு முன்னால் போனார். கடைசி ஒரு மாதம் படுக்கையில் இருந்தார். அண்ணிதான் எல்லாம் செய்தார், குறை இல்லாமல், ஒரு வார்த்தை அதிகமாகப் பேசாமல். அண்ணன் போன வருஷம் மாரடைப்பில் போனார். ஐம்பத்தைந்து வயது. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டக் குனிந்தவர் எழவில்லை. காரியம் எல்லாம் முடிந்து, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய நாள் வந்தது. அண்ணி கடலூரில் மகள் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. உதவிக்கு நான் போனேன்.

ஜன்னல் திரைகளைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தோம். பேச்சு எப்படியோ அம்மாவிடம் வந்தது. அந்த அம்மா மட்டும் அன்றைக்குச் சும்மா இருந்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும் என்றார் அண்ணி. இருபது வருஷமாக அவர் சொல்லி வந்ததுதான். ஒவ்வொரு முறையும் நான் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். அன்றைக்கு முடியவில்லை.

“அம்மா சொன்னதுக்கு அண்ணன் ஒத்துக்கல அண்ணி. என்கிட்ட வந்து கேட்டாரு. நான்தான் நிறுத்தச் சொன்னேன். அம்மாவுக்குத் தெரியும்” என்றேன்.

அண்ணி மடித்துக்கொண்டிருந்த திரையின் ஒரு முனை என் கையில் இருந்தது. அவர் தன் முனையை விடவில்லை. என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“கடைசி வரைக்கும் அவங்க ஒரு வார்த்தை சொல்லலையே” என்றார். என் கையிலிருந்த முனையை வாங்கிக்கொண்டு, “தண்ணி கேட்டாங்க. எந்நேரமும் குடுத்தேன். மூஞ்சப் பாத்துக் குடுக்கலையே” என்றார். திரையை மடித்து முடித்தார். டெம்போ வந்து சாமான்களை ஏற்றும்வரை, ஏற்றிய பிறகும், என்னோடு பேசவில்லை.

இரண்டு மாதம் போன் இல்லை. நான் செய்தாலும் எடுக்கவில்லை. போன வாரம் அவரே கூப்பிட்டார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. என்னைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. மகள் வீட்டுச் சுவரில் அண்ணன் படம் மாட்டியாகிவிட்டது, அத்தை படம் தன்னிடம் ஒன்றுகூட இல்லை, என்னிடம் இருந்தால் பெரிதுபடுத்திச் சட்டம் போட்டு அனுப்ப முடியுமா என்றார். அனுப்புகிறேன் அண்ணி என்றேன். சரி என்று வைத்துவிட்டார். நேற்றுதான் அனுப்பினேன். அம்மா கேமராவைப் பார்க்காமல் யாரையோ பார்த்துக்கொண்டிருக்கிற படம்தான் கிடைத்தது.